துடைப்பத்தைச் சற்று ஓரமாக வையுங்கள்

அக்னி நட்சத்திரம் விடைபெற்றது என்று நாள்காட்டி சொல்லிவிட்டால் கோடை கிளம்பிவிடுவதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவான நாள் 2003 மே 31, அதாவது கத்திரி கழிந்த பிறகு. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று கடற்காற்றை உள்ளே விடாமல் தடுத்து நிற்கும்வரை கிழக்குக் கரையோரம் வெந்துகொண்டுதான் இருக்கும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்க, இந்தப் பக்கம் பெரும்பாலும் வந்து சேர்வது காற்றும், எப்போதாவது ஓர் இடிமழையும்தான். வைகாசிக் கடைசியிலிருந்து ஆடிப்பட்டம் வரையிலான இந்த ஆறேழு வாரங்களில் வீட்டுத்தோட்டக்காரர்கள் பலரும் முதலில் கையிலெடுப்பது துடைப்பத்தை. வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் உதிர்த்தது போக, மா, பலா, மூங்கில் என்று ஏதாவது ஒன்று நாள்தோறும் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. பாத்தியோரத்தையும் மரத்தடியையும் தரை பளிச்சென்று தெரியப் பெருக்கி, மூலையில் குவித்து, சாயங்காலம் ஒரு தீக்குச்சி. விதை போடும் முன் தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா? பின்கோடையில் தோட்டத்துக்குச் செய்யக்கூடிய கெடுதல்களில் இதைவிடப் பெரியதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வானிலை அறிக்கையில் வரும் வெப்பநிலை, தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் ஆளின் மார்பு உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் அளக்கப்படுவது. செடியின் வேருக்கு அந்தக் கணக்கு உதவாது. காற்று 40 டிகிரியில் இருக்கும் நண்பகலில், மூடாமல் கிடக்கும் காய்ந்த மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். வெறுங்காலோடு கொல்லைக்குப் போய்வந்தவர்களுக்கு இதைச் சொல்ல வெப்பமானி தேவையில்லை. ஈர மண்ணில் விழும் வெயிலின் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. காய்ந்த மண்ணுக்கு அந்தப் போக்கிடம் கிடையாது. வாங்கியதையெல்லாம் சூடாகவே வைத்துக்கொள்கிறது. காய்கறிச் செடிகளின் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் அரையடி, முக்காலடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கிறது. அங்கே சூடு 35 டிகிரிக்கு மேல் ஏறினால் தக்காளி போன்றவற்றின் வேர் வளர்ச்சி தடுமாறத் தொடங்கும். ஒரு கைப்பிடி சருகை அழுத்திப் பார்த்தால் அதில் பெரும்பகுதி வெறும் காற்று என்பது தெரியும். அடைபட்ட காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். தகரக் கொட்டகைக்கும் கீற்றுக் கொட்டகைக்கும் மதியம் 2 மணிக்கு உள்ள வேறுபாடு எதனால் வருகிறதோ, பெருக்கிய தரைக்கும் சருகு கிடக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடும் அதனால்தான் வருகிறது.

சூட்டைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். மண்ணிலிருந்து நீர் ஆவியாவது ஒரே சீராக நடப்பதில்லை. மண்ணியலாளர்கள் அதைக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை முதல் கட்டம். அப்போது வெயிலும் காற்றும் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவையும் மண் கொடுத்துவிடும். மேலே ஒரு மெல்லிய அடுக்கு காய்ந்ததும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. கீழிருந்து ஈரம் ஏறிவர வழி அறுந்து, இழப்பு சட்டென்று குறைகிறது. காய்ந்த அந்த மேலடுக்கே மண் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மூடி. தினமும் காலையும் மாலையும் பூவாளியால் மேலோட்டமாகத் தெளிப்பவர், இந்த மூடியைத் தினமும் இரண்டு முறை கழற்றி முதல் கட்டத்தைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறார். ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். பின்கோடை வெயிலின் தாகத்தை நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 10 சதுர மீட்டர் ஈரப் பாத்தி 50 லிட்டர் கேட்கும். மூன்று குடத்துக்கு மேல், செடியின் வாயில் படாமலே போகக்கூடிய தண்ணீர். சருகுப் போர்வை வெயிலை மண்ணில் நேராக விழவிடுவதில்லை, காற்றையும் அண்டவிடுவதில்லை. ஆவியானதும் இண்டு இடுக்கு வழியாகத் தயங்கித் தயங்கித்தான் வெளியேற முடிகிறது. குறிப்பாக, இழப்பு உச்சத்தில் இருக்கும் அந்த முதல் கட்டத்தில்தான் அதன் பிடி இறுக்கமாக இருக்கிறது. செடி தன் இலை வழியே விடும் நீரைச் சருகு குறைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூடாக்குப் போட்டால் தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்கள்.

பிறகு அந்த இடிமழை. கோடை மழைக்குப் பெரும் துளிகள். 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளி தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் வருகிறது. பெருக்கிய தரையில் அது மண்கட்டியை உடைத்துச் சிதறடிக்கிறது. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, வெயில் வந்ததும் மேலே ஓடு கட்டிவிடுகிறது. செம்மண் பூமியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஓடு நன்றாகவே தெரியும்; கீரை விதை முளைவிட்டும் மேலே வர முடியாமல் சாவது இதற்கடியில்தான். ஓடு கட்டிய மண்ணில் அடுத்த மழை இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. துளியின் வேகத்தைத் தாங்கிக்கொள்ள மேலே நாலு காய்ந்த இலை கிடந்தால் இவ்வளவும் நடக்காது.

இங்கே ஓர் இடத்தில் சருகுக்கட்சிக்காரர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. சருகு அருமையான உரம் என்பார்கள். இலையை உதிர்ப்பதற்கு முன்பே மரம் அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறையப் பாதியைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. கீழே விழுவது சக்கையோடு கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து. காய்ந்த இலையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 40, 50 பங்கு கரிமம், சில மரங்களில் அதற்கும் மேலே. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் உடலுக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்து கடன் வாங்குகின்றன. சருகைப் பாத்தியில் கொத்திப் புதைத்துவிட்டு உடனே நாற்று நட்டவர் இலை வெளுத்துப்போவதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். மேலே பரப்பிவைத்தால், சருகும் மண்ணும் தொடும் அந்த மெல்லிய எல்லையில் மட்டுமே இந்தக் கடன் நடக்கும். வேருக்குப் பாதிப்பு சொற்பம். ஆகவே சருகைக் கூரையாக வையுங்கள். உரத்துக்குத் தொழுவுரமோ மண்புழு உரமோ தனியாக இருக்கட்டும். கூரைக்கடியில் ஈரம் இருந்தால், கோடையில் ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு கிடக்கும் மண்புழுக்கள் சீக்கிரமே மேலே வரும். இலையை வளைக்குள் இழுத்துப்போய் மண்ணோடு கலக்கும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும். அந்த வேலையைப் பல்லாண்டு உட்கார்ந்து கவனித்து டார்வின் 1881இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

எரித்தால் சாம்பல் கிடைக்கிறதே, அது உரமில்லையா என்று கேட்பார்கள். உரம்தான், பாதிக் கணக்குக்கு. எரியும்போது கரிமமும் தழைச்சத்தில் பெரும்பங்கும் வாயுவாகிப் போய்விடும். மிஞ்சுவது சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் நிறைந்த காரப்பொருள். தமிழ்நாட்டில் பல ஊர்களின் மண் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது. ஊற்றுகிற ஆழ்குழாய்த் தண்ணீரோ உப்புத் தண்ணீர், அடுப்பில் வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற வகை. அதன் மேல் ஆண்டுக்காண்டு சாம்பலையும் கொட்டினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. மல்லிகையிலும் செம்பருத்தியிலும் கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது இதன் அடையாளம். கத்தரியில் அசுவினிக்கு ஒரு பிடி சாம்பல் தூவுவது வேறு விஷயம், அதற்கு நான் எதிரியில்லை. புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே நாடு முழுவதும் தடை விதித்து, சிறிய அளவுக்கு 5,000 ரூபாய், பெரிய அளவுக்கு 25,000 ரூபாய் என்று அபராதமும் குறித்துவிட்டது. முன்பெல்லாம் கொல்லைச் சருகு எருக்குழிக்குத்தான் போனது. எருக்குழி இல்லாத வீடுகளும், சருகோடு கலந்துவரும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்துதான் தீக்குச்சியைக் கொண்டுவந்தன.

கரையான் வரும் என்ற அச்சம் லேசானதல்ல. வரத்தான் செய்யும். ஆனால் நம் தோட்டங்களில் புற்று கட்டும் கரையான்கள் முதன்மையாகத் தேடுவது செத்த, காய்ந்த தாவரப்பொருளை. அது கிடைக்காத வறட்சியில்தான் இளங்கன்றின் பட்டைக்கும் வேருக்கும் அவை திரும்புகின்றன. வேறு தீனியே இல்லாதபடி சுத்தமாகப் பெருக்கிய தரையில் நட்ட மாங்கன்று, கரையானுக்குத் தனி இலை போட்டுப் பரிமாறியது போல. ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டில், ஓடு கட்டி எதுவும் முளைக்காமல் கிடந்த நிலத்தில் 1990களில் அப்துலாயே மண்டோ என்ற மண்ணியலாளர் மூடாக்கைப் பரப்பிச் சோதித்தார். மூடாக்கைத் தின்ன வந்த கரையான்கள் மண்ணில் துளையிட்டு ஓட்டை உடைத்தன. மழைநீர் உள்ளே இறங்கியது. செடி கொடி திரும்ப வந்தது. அந்த நிலமும் நம் கொல்லையும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். மரக் கதவும் சன்னலும் உள்ள வீட்டுச் சுவரை ஒட்டிச் சருகைக் குவிப்பது எந்தக் கணக்கிலும் முட்டாள்தனம். சுவரிலிருந்து மூன்று நான்கு அடி வெறுந்தரையாக விட்டுவிடுங்கள். பாம்பு, தேள் பயத்துக்கும் அதே இடைவெளிதான் பதில். அவை விரும்பும் இடம் செங்கல் அடுக்கும் விறகுக் குவியலும் எலி வளையும். இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்பிய சருகில் ஒளிய இடம் குறைவு. ஆள் நடக்கும் பாதையும் வாசலும் எப்போதும்போலப் பெருக்கப்படட்டும். கோலம் போடும் வாசலுக்கு உள்ள நியாயத்தைக் கொல்லை மரத்தடிக்கும் நீட்டியதில்தான் பிழை.

இதையெல்லாம்விட வலுவான மறுப்பு ஒன்று விவசாய வீடுகளிலிருந்து வரும். மண் காய வேண்டும், கோடை உழவு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சும்மா சொல்லவில்லை. ஆனால் கோடை உழவு பயிர் இல்லாத நிலத்துக்கு. புழுவையும் கூண்டுப்புழுவையும் கோரைக் கிழங்கையும் புரட்டி வெயிலுக்கும் பறவைக்கும் கொடுப்பது அதன் நோக்கம். மாமரமும் முருங்கையும் பூச்செடியும் உயிரோடு நிற்கும் கொல்லையில் அதே வெயில் அவற்றின் வேரையும் சேர்த்தே சுடும். வீட்டுத்தோட்டத்திலும் இதற்கு ஓர் இடம் உண்டு: போன பருவத்தில் கத்தரி, தக்காளி, வெண்டையின் வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு இருந்த காலிப் பாத்தி. அதற்கும் வெறுமனே காயப்போடுவது அரைகுறை மருந்து. இஸ்ரேலின் யாக்கோவ் கட்டான் 1976இல் வெளியிட்ட முறை, மண்ணை நன்றாக நனைத்து, நிறமற்ற பாலித்தீன் விரிப்பால் இறுக மூடி, சில வாரம் வெயிலில் விட்டுவிடுவது. ஈர மண் சூட்டை ஆழத்துக்குக் கடத்தும். ஈரத்தில் விழித்திருக்கும் கிருமி, காய்ந்து உறங்கும் கிருமியைவிடச் சீக்கிரம் சாகும். நோயுள்ள பாத்திக்குப் பாலித்தீன், மற்ற இடத்துக்குச் சருகு. இரண்டிலும் மண் திறந்து கிடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் சருகு நிற்குமா? நிற்காது, தனியாக விட்டால். மேலே இரண்டு காய்ந்த தென்னங்கீற்றையோ, கவாத்து செய்த பச்சைக் குச்சிகளையோ கிடத்திவைத்தால் நிற்கும். ஒருமுறை நனைந்து படிந்துவிட்டால் அதன்பின் அவ்வளவாக அசையாது. போடும் முன் மண்ணை ஆழ நனைப்பது முக்கியம். காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சலைத்தான் காப்பாற்றுவோம், இரண்டு மில்லிமீட்டர் தூறலையும் சருகே குடித்துவிடும். அகன்ற வாதுமை இலையை அப்படியே பரப்பினால் ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீரை வழித்துவிடும், நொறுக்கிப் போடுங்கள். யூகலிப்டஸ் என்னும் தைலமரத்து இலை நாற்றுப் பாத்திக்கு வேண்டாம், முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு. மாவுப்பூச்சியும் புள்ளிநோயும் கண்ட இலைகளுக்கும் பாத்தியில் இடமில்லை. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடாவிட்டால் கழுத்து அழுகும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது நிலைமை தலைகீழ்: அப்போது ஈரம் மிஞ்சும், நத்தை பெருகும், புரட்டாசிக் கடைசியில் பாதியை அள்ளி எருக்குழிக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். இவ்வளவு நிபந்தனையா என்று சலித்துக்கொள்கிறவர்கள், தினமும் பெருக்கிக் குவிப்பதற்கு ஆகும் நேரத்தை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கொல்லையில் ஒரே வெயில் படும் இடத்தில் ஒரு முழம் நீள அகலத்தில் அக்கம்பக்கமாக இரண்டு திட்டுகள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒன்றின் மேல் மட்டும் மூன்று விரற்கடை சருகு. மூன்று நாள் கழித்து, மதியம் 2 மணிக்கு, இரண்டிலும் ஒரு விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அதுவரை துடைப்பம் சுவரோரம் இருக்கட்டும்.