திருப்பரங்குன்றத்திலிருந்து இராமேசுவரம்

திருப்பரங்குன்றத்தில் வசிக்கும் எம்மை விடுமுறைக் காலத்தில் வெளியூர் நண்பர்கள் தவறாது வினவுவதொன்றுண்டு: இராமேசுவரம் செல்வதற்கு எவ்வழி சிறந்தது? அங்கு ஆகாய விமான நிலையம் இல்லை. விமானத்தில் வருவோரும் நம் ஊருக்கருகேயுள்ள மதுரை விமான நிலையத்தில் இறங்கி, ஏனையோரைப்போல் புகைவண்டியையோ மோட்டாரையோ நாடவேண்டியவர்களே.

நம்மூரிலும் புகைவண்டி நிலையம் உண்டெனினும், அது விருதுநகர் செல்லும் பாதையிலுள்ளது. ஆதலின் முதலில் மதுரைச் சந்திப்பை அடைதல் வேண்டும். அங்கிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம் வழியாக வண்டி செல்லும். பஸ்ஸில் செல்வோர் நகரைக் கடந்து மாட்டுத்தாவணிக்குச் செல்லவேண்டும்; வெயிற்காலத்தில் அதுவே ஒரு சிறு யாத்திரை! எவ்வழியாயினும் மதுரையிலிருந்து ஏறக்குறைய நான்கு மணிப் பிரயாணமாகும்.

இவ்விரு வழிகளும் ஒருங்கே கிடைத்தது அண்மைக்காலத்திலேதான். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்படும்வரை, யாத்திரிகர் மண்டபத்திலிருந்து படகிலேயே கடலைக் கடந்தனர். அதன்பின் 74 ஆண்டுகள் புகைவண்டி ஒன்றே துணை. மோட்டார்ப் பாலம் 1988-இல்தான் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் அதிரியாத்திக் கடலோரத் தீவு நகரமாகிய வெனிஸின் கதையும் இதனையொத்ததே. அங்கு இருப்புப்பாதை 1846-இலும், மோட்டார்ச் சாலை 1933-இலும் வந்தன.

ஒரே வழியை நம்பியிருத்தலின் இடர் 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிப்பட்டது. அப்புயலில் தனுஷ்கோடியை அணுகிய வண்டி அலைகளால் அடித்துச்செல்லப்பட்டு, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்கள் பலவும் கடலில் வீழ்ந்தன. பொறியாளர் ஸ்ரீதரன் அவற்றை மீட்டு 46 நாட்களில் பாலத்தைச் செப்பனிட்டார். அந்நாட்களில் தீவினர்க்கு நிலவழி என்பதே இல்லை.

2022 டிசம்பரில் பழம்பாலத்தின் பழுதினால் மீண்டும் புகைவண்டி நின்றபோதோ நிலைமை வேறு. எம் அத்தையார் மண்டபத்தில் இறங்கி, மூட்டையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறிச் சென்று, வழிநெடுக முணுமுணுத்தவாறே தரிசனம் செய்து திரும்பினார். முணுமுணுப்பன்றி வேறு இழப்பில்லை.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. பழம்பாலத்தின் நடுப்பகுதி இருபுறமும் பிளந்து மேலெழும், இதிலோ 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் நேராக 17 மீட்டர் உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும். காற்று மிகுந்தால் இதன்மீதும் வண்டி செல்லாது. ஆதலின் ஐப்பசி, கார்த்திகையில் செல்வோர் புறப்படுமுன் விசாரித்தறிதல் நலம். முதியோருடன் செல்பவர்க்குப் புகைவண்டியே சௌகரியம். நினைத்தபோது புறப்பட்டு நினைத்தபோது திரும்ப எண்ணுபவர்க்கு பஸ்ஸே ஏற்றது.

தனுஷ்கோடியைக் காண விரும்புவோர் இராமேசுவரத்திலிருந்து சாலைவழியே செல்லலாம். அரிச்சல்முனைவரை 2017-இல் சாலை அமைந்துவிட்டது. புகைவண்டி மட்டும் 1964-க்குப் பின் அங்குத் திரும்பவில்லை.