தாமிரபரணிக் கரையும் இலங்கை மலைநாடும்

நமது ஜில்லாவின் தென்கிழக்கே, தேரி மணலும் பனையுமாகக் கிடக்கும் ஊர்களில் முதியோரிடம் பேச்சுக் கொடுத்தால், கொழும்பு, கண்டி, மாத்தளை என்னும் பெயர்கள் அடுத்த ஊர்ப் பெயர்களைப் போல் வந்து விழும். யாழ்ப்பாணத்தின் அருகிலேயே திருநெல்வேலி என்றொரு ஊர் உண்டு; அந்நகரத்துப் பல்கலைக்கழகம் அவ்வூரில்தான் அமைந்துள்ளது. பெயர் ஒற்றுமை ஒருபுறம் இருக்க, நம்மவர் கடல் கடந்து சென்ற வரலாற்றின் கனமான பகுதி யாழ்ப்பாணத்தில் அன்று, மலைநாட்டில் நிகழ்ந்தது. அதனையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

பொருநை பாயும் வளநாட்டினின்று மக்கள் ஏன் வெளியேற வேண்டும் என்று வினவுவோர் உளர். ஆற்று நீர் அணைகளாலும் கால்வாய்களாலும் செழிப்பித்தது இரு கரையையும் ஒட்டிய ஒடுங்கிய நிலப்பரப்பையே. அந்நிலமும் சிலர் கையில் இருந்தது. அதில் உழுதவர்களுள் பெரும்பாலோர்க்குச் சொந்தமாக ஒரு சாண் வயலும் இல்லை. தீண்டாமை என்னும் கொடுமையும் அவர்கள்மேல் சுமந்திருந்தது. வாய்க்கால் எட்டாத வானம்பார்த்த பூமியிலோ மழை பொய்த்தால் கஞ்சிக்கும் வழியில்லை. பனையேறிகளுக்கு ஆண்டில் பாதியளவே தொழில். ஆகவே, "நெல்லுக்கு வேலி" என்று பெயர் பெற்ற நாட்டில் நெல் விளைவித்தவரே சோற்றுக்கு அலைந்தனர் என்பது வியப்பன்று.

1830களில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையின் காடுகளை அழித்துக் காப்பித் தோட்டங்கள் இட்டனர். சொந்த வயல் வைத்திருந்த சிங்களக் குடியானவர் துரைமார் கொடுத்த சொற்பக் கூலிக்கு நாள்தோறும் வர இசையவில்லை. எனவே அக்கரையிலிருந்து ஆள் வேண்டியதாயிற்று. காப்பிப் பழம் பறிப்பது ஆண்டின் இறுதி மாதங்களை ஒட்டிய வேலை. நம் பக்கத்தார் அறுவடைக் காலத்திற்குச் சென்று, கையில் சிறிது பணத்துடன் ஊர் திரும்புவதை வழக்கமாகக் கொண்டனர். சென்ற முறையும் எளிதன்று. இராமநாதபுரத்துக் கரையினின்று தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாய்ச் செல்வதே பலர் கண்ட மார்க்கம். குடிநீரின்மையும், காய்ச்சலும், வாந்திபேதியும் அவ்வழியில் எத்தனையோ பேரை வீழ்த்தின. நம்மவர் சிலர் தூத்துக்குடியினின்று கப்பலேறிக் கொழும்பு சேர்ந்தனர். 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. அதே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கி 1878 வரை நீடித்தது. பாதையும் பஞ்சமும் ஒருங்கே வந்தமையால் துறைமுகத்திற்குச் சென்றோர் தொகை எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

மோரீசுத் தீவுக்கும் நேட்டாலுக்கும் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இலங்கைக்கு அவ்வித ஒப்பந்தம் பெரும்பாலும் இல்லை. அதற்குப் பதிலாக இருந்தவன் கங்காணி. அவன் ஊரான், சில வேளை உறவினனுங்கூட. துரையிடம் முன்பணம் பெற்று ஊருக்கு வந்து, வீட்டுக் கடனை அடைக்கவும் வழிச் செலவுக்கும் என்று கொடுத்து, ஆள் சேர்த்துக்கொண்டு போவான். அங்ஙனம் கொடுத்த பணம் அத்தனையும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். தோட்டத்தில் அரிசியும் கம்பளியும் அக்கடன் மேலேயே எழுதப்படும். தொழிலாளர் வேலைக்கு வரும் நாள்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஆள் நீங்காதிருப்பதில் அவனுக்கு ஆதாயம். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், கடன் தொகை குறித்த "துண்டு" என்னும் சீட்டைப் பெறுதல் வேண்டும். புதிய தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்தி ஆளை எடுத்துக்கொள்வர். சட்டத்தின் கண்ணில் அவன் சுதந்தரன். கணக்குப் புத்தகத்தின் கண்ணில் அடமானப் பொருள். இத்துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. கங்காணியை முற்றிலும் கொடியவன் என்று எழுதிவிடுவது சுலபம். ஆயினும் அன்னிய நாட்டில் நோயிலும் சாவிலும் ஊர்ப் பேச்சுப் பேசி உடனிருந்தவனும் அவனே. அம்முறை அத்துணைக் காலம் நிலைத்ததற்கு இவ்விரட்டைத் தன்மையே காரணமென நாம் எண்ணுகின்றோம்.

1869இல் காப்பியிலையில் ஒருவகைத் துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பிப் பயிர் அழிந்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். பயிர் மாறியதோடு மக்களின் வாழ்வும் மாறியது. இதனை மாணவர்கள் நன்கு கவனித்தல் வேண்டும். காப்பிக்குப் பருவத்தில்தான் ஆள் தேவை. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் துளிர்க்கும், வாரந்தோறும் கிள்ள வேண்டும். கொழுந்து கிள்ளுவதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் குடியேறின. வந்து போனவர் இருந்து வாழ்வோர் ஆயினர். பத்தடி அறைகள் வரிசையாய் அமைந்த "லயங்களில்" பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தனர். ஆயினும் சர்க்காரும் துரைமாரும் அவர்களை வந்து போகும் கூலிகளாகவே எண்ணி வந்தனர். பின்னர் நேர்ந்த துன்பத்தின் வேர் இங்கேயே உள்ளது.

தோட்டத்தார் மட்டும் சென்றனர் என்று கொள்ளற்க. தூத்துக்குடிப் பரதவர் கொழும்பில் வாணிகம் நடத்தினர்; இலங்கையின் 2001ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் "பரத" என்று அவர்கள் தனிப்பிரிவாகவே குறிக்கப்பட்டனர். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் இரத்தின வியாபாரத்திற் பெயர் பெற்றனர். 1854இல் தோட்டத் தொழிலாளர்க்கென மிஷன் ஊழியம் தொடங்கியபோது உபதேசிகள் அனுப்பப்பட்டது நம் திருநெல்வேலியினின்றே. 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் ஓட்டியதும் இதே தூத்துக்குடி கொழும்பு மார்க்கத்தில்தான். அக்கப்பற் போட்டியைப் பற்றி நாம் பெருமிதத்துடன் பேசுகின்றோம். அவ்வழியே போன ஏழைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. புதுமைப்பித்தன் "துன்பக் கேணி" என்னும் கதையில் நம் ஜில்லாச் சிற்றூர் ஒன்றிலிருந்து தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற பெண்ணின் வாழ்வை எழுதியது அக்குறையை ஓரளவு போக்கியது.

1939இல் இந்திய சர்க்கார் கூலி வேலைக்கு ஆள் செல்வதைத் தடுத்தது. 1946 குடிக்கணக்கில் இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம்; இலங்கை மக்களில் நூற்றுக்குப் பன்னிருவர். 1948இல் அந்நாடு சுதந்தரமடைந்த அவ்வாண்டிலேயே குடியுரிமைச் சட்டம் பிறந்தது. இலங்கையில் பிறந்தவரும், தம் தந்தை அங்குப் பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்குப் பிறந்தவர் என்றோ மெய்ப்பித்தல் வேண்டும். லயத்தில் பிறந்தவனிடம் பாட்டன் பிறப்புக்குச் சீட்டு ஏது? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவ்வாண்டு வந்த மற்றொரு சட்டத்தின் கீழ்ச் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை கிட்டியது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது என முடிவாயிற்று. 1974இல் அவ்வெச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தனர். பாகப் பிரிவினையில் பாத்திரங்களைப் பிரிப்பதுபோல் மக்கள் பிரிக்கப்பட்டனர் என்றால் மிகையாகாது. அண்ணன் இலங்கைப் பிரஜை, தம்பி இந்தியப் பிரஜை என்னும்படி குடும்பங்கள் பிளவுண்டன.

தலைமன்னாரினின்று இராமேசுவரத்தில் வந்திறங்கியோர்க்கு மண்டபம் முகாம் முதல் நிறுத்தமாயிற்று. முன்பு அங்கே இலங்கைக்குப் போவோரை நோய்க்காகத் தடுத்து வைத்துச் சோதித்தனர். நீலகிரியில் 1968இல் சர்க்கார் தேயிலைத் தோட்டம் தொடங்கிச் சிலருக்கு வேலை கொடுத்தது. பலர் தம் முன்னோர் ஊரைத் தேடிச் சென்றனர். நிலமுமில்லை, வீடுமில்லை, உறவினரும் அடையாளம் காணவில்லை. அங்கே "கள்ளத்தோணி" என்று இகழப்பட்டவர் இங்கே "சிலோன்காரர்" என்று விலக்கப்பட்டனர்.

1984இல் உள்நாட்டுக் கலகத்தால் கப்பற் போக்குவரத்து நின்றது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003இல் சட்டம் இயற்றிக் குடியுரிமை வழங்கினர். ஆனால் 1983 கலவரத்துக்குப்பின் உயிருக்கு அஞ்சித் தோணியேறி இங்கு வந்த மலைநாட்டார் சிலர் அகதிகளாகவே பதிவாயினர். அவர்தம் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்தே சென்றவர். எனினும் முறையான ஆவணமின்றி வந்தமையால் இந்தியக் குடியுரிமை கிட்டவில்லை. 2019 ஜூன் மாதத்தில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இத்தகையோரின் விண்ணப்பங்களை அரசு பரிசீலிக்க வேண்டுமெனத் தீர்ப்புரைத்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் திருச்சிராப்பள்ளிப் பக்கத்து முகாம்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வசித்தவர்கள்.