ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட் (பாடல்)

ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட் என்பது அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கும்பல் கொலைக்கு ஆளானதைக் கண்டித்து எழுந்த பாடல் ஆகும். 'விசித்திரக் கனி' என்பது தலைப்பின் பொருள். ஏபல் மீரோபோல் எழுதி இசையமைத்த இப்பாடலை ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1939ஆம் ஆண்டு பாடிப் பதிவு செய்தார்.

பின்னணி

நீதிமன்ற விசாரணையின்றிக் கும்பல் கூடி ஒருவரைக் கொல்வது, கறுப்பின மக்களை அச்சுறுத்தி அடக்கிவைக்கும் வழியாக இருந்தது. டஸ்கிகீ கல்வி நிறுவனத்தின் பதிவுகளின்படி 1882 முதல் 1968 வரை 4,743 பேர் இவ்வாறு கொல்லப்பட்டனர். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். பெரும்பாலான கொலைகள் தென் மாநிலங்களில் நடந்தன. ஆனால் வடக்கும் விலக்கல்ல. 1930 ஆகஸ்ட் 7 அன்று இந்தியானா மாநிலத்தின் மேரியன் நகரில் இரு கறுப்பின இளைஞர்களைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்து கொன்று மரத்தில் தொங்கவிட்டது. லாரன்ஸ் பெய்ட்லர் எடுத்த ஒளிப்படத்தில், தொங்கும் உடல்களின் கீழே வேடிக்கை பார்க்கும் கூட்டம் நிற்கிறது, சிலர் புன்னகைக்கின்றனர். அப்படம் ஆயிரக்கணக்கில் நினைவுப் பொருளாக விற்றது. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

பாடல் பிறந்த விதம்

மீரோபோல் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த யூதர். கும்பல் கொலையின் ஒளிப்படம் ஒன்று அவரை உலுக்கியது. அது மேரியன் படமே எனப் பரவலாகக் கருதப்படுகிறது. அதன் விளைவாக எழுதிய கவிதையை 1937இல் ஆசிரியர் சங்க இதழில் வெளியிட்டு, பின்னர் அதற்கு இசையமைத்தார். மரத்தில் தொங்கும் உடல்களைக் கனிகளாக உருவகித்து, தெற்கின் இயற்கை அழகையும் அங்கு நிகழும் கொடுமையையும் கவிதை அருகருகே வைக்கிறது. கொலையாளி, கொல்லப்பட்டவர் எவரையும் அது பெயரிட்டுச் சொல்லவில்லை.

அரங்கேற்றமும் எதிர்ப்பும்

கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து அமர்ந்த நியூயார்க்கின் கஃபே சொசைட்டி விடுதியில் ஹாலிடே இதனை நிகழ்ச்சியின் இறுதிப் பாடலாகப் பாடினார். அப்போது உணவு பரிமாறுவது நிறுத்தப்பட்டு விளக்குகள் அணைக்கப்படும். அவர் முகத்தில் மட்டும் ஒளி விழும். பாடல் முடிந்ததும் அந்த ஒளியும் அணையும். அதன்பின் வேறு பாடல் கிடையாது. கேட்டவர்கள் அதனுடனேயே வீடு திரும்ப நேர்ந்தது.

அவருடைய ஒலிப்பதிவு நிறுவனமான கொலம்பியா, தென் மாநில விற்பனை பாதிக்கும் என அஞ்சிப் பதிவு செய்ய மறுத்தது. கொமடோர் என்னும் சிறு நிறுவனமே வெளியிட்டது. வானொலி நிலையங்கள் பலவும் ஒலிபரப்ப மறுத்தன.

தாக்கம்

நினைவுப் பொருளாக விற்ற காட்சியையே இப்பாடல் குற்றச்சாட்டாக மாற்றியது. வேடிக்கை பார்த்தவர்களின் இடத்தில் கேட்பவரை நிறுத்தி, அதே காட்சியைக் காணச் செய்தது. நீனா சிமோன் 1965இல் இதனை மீண்டும் பதிவு செய்தார். 1999இல் டைம் இதழ் இதனை நூற்றாண்டின் சிறந்த பாடலாகத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம், பாடல் பதிவாகி 83 ஆண்டுகள் கழித்து, 2022இல்தான் நிறைவேறியது. 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் பெயரை அச்சட்டம் தாங்கியுள்ளது.