போத்தலும் தேயிலை வடியும் கொண்டு மணிக்கூடு கழுவும் பொறி

இடம்பெயரும்போது தோட்டத்தையும் கிணற்றையும் தூக்கிக்கொண்டு வர முடியாது. கை பழகிய தொழிலோ போகுமிடமெல்லாம் கூட வரும். திருத்தூதர் பவுல் கூடாரம் செய்து உழைத்ததைத் திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. காணி விடுபடும் நாளுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு மணிக்கூடு திருத்துதல் அத்தகைய ஒரு துணைத்தொழில். முழு வருமானமும் இதில் வராது. ஆனால் கால் இழந்தவரும் மேசையில் இருந்தபடியே செய்யலாம்.

சாவி கொடுக்கும் மணிக்கூடு பிந்துவதற்கு அழுக்கே முக்கிய காரணம். பழைய மணிக்கூடுகள் பல மணிக்கு 18,000 தடவை, அதாவது செக்கனுக்கு 5 தடவை துடிக்கின்றன. எண்ணெய் பிசினாக இறுகினால் துடிப்புத் தளரும். நீர் இறைக்கும் இயந்திரத்தின் கறுத்த எண்ணெயை அகற்றாமல் புது எண்ணெய் விட்டால் என்ன பயன்? மணிக்கூடும் அப்படித்தான், முதலில் கழுவ வேண்டும்.

கடையில் விற்கும் கழுவும் இயந்திரம் விலை கூடியது. 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நமக்கு, இதை வீட்டில் செய்வது கடினமல்ல.

1. பலகையில் ஒரு தூண் நிறுத்தி, ஏற்றி இறக்கக்கூடியதாக 12 வோல்ட் கியர் மோட்டரைப் பூட்டுங்கள். நிமிடத்துக்கு 200 முதல் 300 சுற்று போதும்.

2. இரண்டு சிறிய தேயிலை வடிகளை முகத்துக்கு முகம் வைத்துக் கட்டினால் கூடை தயார். அதை மோட்டரின் தண்டில் கழற்றக்கூடியதாக மாட்டுங்கள். நுண்ணிய ஆணிகளை நைலோன் வலைத்துணியில் முடிந்து உள்ளே வையுங்கள்.

3. மூன்று வாயகன்ற போத்தல்கள் தேவை. முதலாவதில் பாத்திரம் கழுவும் திரவம் சிறிது கலந்த நீர். மற்ற இரண்டிலும் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர். போத்தலின் உட்புறம் இரண்டு தகரக் கீற்றுகளை நிறுத்தினால், நீர் கூடையோடு சேர்ந்து சுழலாமல் அழுக்கை அடித்து அகற்றும்.

4. முதற் போத்தலில் 5 நிமிடம், மற்றவற்றில் 2 நிமிடம் வீதம் சுற்றவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கூடையை நீருக்கு மேல் உயர்த்திச் சற்றுச் சுற்றினால் ஈரம் உதறும்.

5. துரு பிடிக்காதிருக்க உடனே ஐசோப்புரோப்பைல் அற்ககோலில் தோயுங்கள். காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட் வேண்டாம். அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பதுண்டு.

கவனம்: மோட்டரில் பொறி பறக்கும், அற்ககோலின் ஆவி தீப்பற்றும். ஆகவே கூடையைக் கழற்றி, மோட்டரையும் அடுப்பையும் விட்டு விலகி, காற்றோட்டமான இடத்தில் கையால் தோயுங்கள். பெற்றோல் வேண்டவே வேண்டாம். துடிக்கும் சில்லையும் அதைத் தட்டும் கவரையும் கூடையில் போடாதீர்கள். அவற்றின் கற்கள் அரக்கினால் ஒட்டப்பட்டவை, அற்ககோல் அரக்கைக் கரைக்கும். சிகரெட் லைட்டர் திரவத்தில் மெதுவாக அலசுங்கள், அதுவும் தீப்பற்றும்.

நிழலில் உலர்த்திய பின், ஊசி முனையளவு மணிக்கூட்டு எண்ணெய் மட்டும் இடுங்கள். முதலில் ஓடாத பழைய மணிக்கூட்டில் பழகுங்கள். பிறர் நம்பித் தரும் பொருளைப் பழுதின்றித் திருப்பிக் கொடுப்பதே இத்தொழிலின் முதலீடு.