நாயின் ஓமோன் நோயும் தண்ணீர்க் கிண்ணமும்

வயது முதிர்ந்த வீட்டு நாயொன்று வழக்கத்துக்கு மாறாக ஓயாமல் தண்ணீர் குடிக்கின்றது. இரவில் இரண்டு மூன்று முறை வெளியே செல்ல நம்மை எழுப்புகின்றது. வைத்த உணவை நொடியில் விழுங்கிவிட்டு மீண்டும் வந்து நிற்கின்றது. வயிறு தொங்குகின்றது, விலாப்புறத்தில் மயிர் உதிர்கின்றது. முதுமை வந்துவிட்டதென்று வீட்டார் இருந்துவிடுவதுண்டு. சில வேளைகளில் அது முதுமையன்று, குஷிங் நோயாகும்.

அமெரிக்க மூளைச் சத்திரவைத்தியர் ஹாவி குஷிங் 1932 ஆம் ஆண்டில் மனிதரிடத்தே விரித்துரைத்த இந்நோய் நாய்களையும் பற்றுவது. சிறுநீரகங்களை அடுத்துள்ள அதிரீனற் சுரப்பிகள் கோட்டிசோல் என்னும் ஓமோனை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கின்றன. பெரும்பாலும் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியில் தோன்றிய கட்டியே அவற்றை அவ்வாறு ஏவுகின்றது. ட்ரைலோஸ்டேன் என்னும் மருந்து கோட்டிசோல் உண்டாவதைத் தடுக்கும்; கட்டியைக் கரைக்காது. ஆதலால் அதனை நெடுநாள் கொடுக்க வேண்டியிருக்கின்றது.

நேயர்களே, இங்கேதான் கவனம் வேண்டும். கோட்டிசோல் மிகுந்தால் நோய். மிகவும் குறைந்துவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து பொற்றாசியம் ஏறி, நாய் தளர்ந்து விழவுங்கூடும். ஓயாது உணவு கேட்ட நாய் ஒருநாள் கேளாதிருந்தால், மருந்து வேலை செய்கின்றதென்று நாம் மகிழ்கின்றோம். அளவோடு உண்டு அமைதியாயிருந்தால் அம்மகிழ்ச்சி தகும். உணவையே மறுத்தல், வாந்தி, கழிச்சல், நடுக்கம், சோர்வு என்பன தோன்றினால், அது குணமன்று. அன்றைய மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மிருக வைத்தியரை நாடல் வேண்டும்.

வைத்தியர் செய்யும் சோதனை ஏ.சி.ரீ.எச். சோதனை எனப்படும். முதலில் இரத்தம் எடுத்து, சுரப்பியைத் தூண்டும் ஊசியை ஏற்றி, ஒரு மணி நேரத்தின் பின் மறுபடியும் எடுப்பர். நாய் அச்சங்கொண்டாலே கோட்டிசோல் ஏறிவிடுமாகையால், எழுந்தவாறு எடுத்த ஒரே அளவு நம்மை ஏமாற்றக்கூடும். மாத்திரை கொடுத்து 4 முதல் 6 மணி நேரத்துக்குள் இச்சோதனையைச் செய்வது வழக்கம். மருந்தின் வேகம் சில மணி நேரமே நிற்கும். காலையில் மாத்திரை கொடுத்து மாலையிற் சோதித்தால் கோட்டிசோல் மிகுந்திருப்பதாகத் தோன்றும். அதனை நம்பி மருந்தைக் கூட்டினால் நேர்வது விபரீதம். சோதனை நாளன்று உணவில்லாமல் கொண்டுசெல்வதும் தவறே. இம்மருந்து உணவோடு சேர்ந்தே உடலில் நன்கு ஏறுவது. மாத்திரை கொடுத்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்திற் குறித்துச் செல்லுதல் நலம்.

முதற் சோதனை ஏறக்குறைய 10 நாட்களில். பின்னர் 4 வாரத்திலும் 12 வாரத்திலும். அதன்மேல் மூன்று மாதத்துக்கொரு முறை.

ஆயினும் ஆய்வுகூடத்து எண் மாத்திரம் போதாது. வீட்டில் அளக்கக்கூடியது தண்ணீர். காலையில் அளந்து ஊற்றி, மறுநாட் காலை எஞ்சியதைக் கழித்துப் பாருங்கள். ஒரு நாளில் உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேற் குடித்தால் அது மிகை. 10 கிலோ நாய்க்கு ஒரு லீற்றர். ஒரே கிண்ணத்தில் இரண்டு நாய்கள் குடிக்கும் வீட்டில் இக்கணக்குப் பலிக்காது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! எண் நன்றாயிருந்தும் தாகம் தணியவில்லையெனில், அதையும் வைத்தியரிடம் கூறுக. அவர் மாத்திரையை இரு வேளையாகப் பிரிக்கவுங்கூடும்.

நீரிழிவும் சேர்ந்திருந்து இன்சுலின் பெறும் நாயிடத்து இன்னும் விழிப்பு வேண்டும். கோட்டிசோல் இறங்க இன்சுலின் தேவையும் இறங்கும்; பழைய அளவையே ஏற்றினால் இரத்தத்திற் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

தாகமும் பசியும் சில வாரங்களில் தணியத் தொடங்கும். உதிர்ந்த மயிர் முளைக்கவோ மாதங்கள் செல்லும்; அதற்காக அவசரப்பட்டு மாத்திரையைக் கூட்டுதல் ஆகாது.