மலைத் தண்ணீரில் வண்ண மீன்

உணவுக்காக அல்லாமல் அழகுக்காக மீனை இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளைத் தேற்றி, கடைகளுக்கும் தொட்டி வைப்போருக்கும் விற்பது வண்ண மீன் தொழில். தமிழ்நாட்டில் இதன் பெரிய சந்தை சென்னை கொளத்தூர். அங்கும், மாதவரம், செங்குன்றம் பக்கங்களிலும் கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டித் தொடங்கிய குடும்பங்கள் பல. உணவு மீன் எடைக்கு விலை போகிறது. வண்ண மீன் எண்ணிக்கைக்கு விலை போகிறது. அதனால் குளமோ ஏரியோ இல்லாதவரும் நாலைந்து தொட்டிகளோடு இதில் இறங்க முடிகிறது.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள அரியூர் நாடு போன்ற ஊர்களில் இத்தொழிலைத் தொடங்குபவர், சமவெளிப் பண்ணையை அப்படியே மலைக்கு ஏற்றிவிட முடியாது. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை இது. சென்னையில் ஆண்டு முழுக்கக் குட்டி போடும் மீன், மார்கழிக் குளிரில் இங்கே இரை எடுக்காமல் மூலையில் ஒதுங்கி நிற்கும். எந்த மீனை வளர்க்கலாம் என்பதை மலையில் தண்ணீரின் குளிர்ச்சிதான் முடிவு செய்கிறது.

எந்த மீன்?

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை குட்டி போடும் இனங்கள். கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். பழகுவதற்கு எளிய மீன்தான். ஆனால் 24 முதல் 28 டிகிரி வெப்பம் இருந்தால்தான் செழிக்கும். மலையில் இதை வளர்க்கப் பாலித்தீன் கூரையோ ஹீட்டரோ தேவைப்படும். தங்கமீனும் கோய் கெண்டையும் குளிரைத் தாங்குபவை. தங்கமீன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவில் கெண்டை இன மீனிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. கோய், ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டில் உழவர்கள் வளர்த்தெடுத்தது. கொல்லிமலையில் தொடங்குபவருக்குத் தங்கமீனே பொருத்தமான முதல் மீன். முதல் ஆண்டில் ஒரே இனத்தை வைத்துக் கை பழகுவது நல்லது.

தொட்டியும் தண்ணீரும்

புதிய சிமெண்ட் தொட்டியில் உடனே மீன் விட்டால் சுண்ணாம்புக் காரத்தில் செத்துவிடும். இரண்டு வாரம் வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டுத் தண்ணீரைத் தேக்கி வைத்து, பலமுறை மாற்றிக் காரத்தைப் போக்க வேண்டும். ஓடைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருபவர், அது எந்தத் தோட்டத்தைக் கடந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மிளகுக்கும் காபிக்கும் தெளிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. அதிலுள்ள செம்பு மிகக் குறைந்த அளவிலும் மீனுக்கு நஞ்சு.

மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் தண்ணீரில் அமோனியாவாக மாறுகின்றன. அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியிலும் வடிகட்டியிலும் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன் எண்ணிக்கை குறைவாகவே இருக்க வேண்டும். குளிரில் மீன் குறைவாகத் தின்னும் என்பதால் இரையையும் குறைக்க வேண்டும். மீன்கொத்தி, தவளை, தண்ணீர்ப் பாம்பு வராமல் வலை போடுவது அவசியம். தட்டானின் இளம்புழுவும் குஞ்சைத் தின்றுவிடும்.

முட்டையிலிருந்து நிறம் வரை

குளிர்காலம் கழிந்து தண்ணீர் மெல்லச் சூடேறும்போது தங்கமீன் முட்டையிடும். மலையின் பருவமே அதற்கு வேண்டிய மாற்றத்தைத் தந்துவிடுகிறது. பருவத்துக்கு வந்த ஆண் மீனின் செவுள் மூடியில் சிறு வெண்புள்ளிகள் தோன்றும். பெண்ணின் வயிறு பருத்திருக்கும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் விட்டு, ஆகாயத்தாமரை வேரையோ நைலான் நூல் கற்றையையோ தொங்கவிட்டால் முட்டைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். தாய் மீன்களே முட்டையைத் தின்றுவிடும் என்பதால் உடனே அவற்றைப் பிரிக்க வேண்டும்.

இளஞ்சூட்டில் இரண்டு மூன்று நாளிலும், குளிரில் ஒரு வாரம் வரையிலும் பொரிக்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சுக்கு முதல் இரை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். வாழைப்பழத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்தே இவற்றை வளர்க்கலாம். வாழை விளையும் மலையில் இது செலவில்லாத தீனி. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டியும் கொடுக்கலாம். தங்கமீன் குஞ்சு முதலில் மங்கிய நிறத்தில்தான் இருக்கும். பொன் நிறம் ஏறச் சில மாதங்கள் ஆகும். வால் கோணியவற்றையும் உடல் வளைந்தவற்றையும் அவ்வப்போது கழிப்பவரின் சரக்குக்குத்தான் கடையில் மதிப்பு. புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். வெண்புள்ளி நோய் புது மீனோடுதான் பெரும்பாலும் வந்து சேர்கிறது.

மலை இறங்கும் வழி

கொல்லிமலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். அனுப்புவதற்கு முதல் நாள் மீனுக்கு இரை போடாமல் நிறுத்தினால் பையில் கழிவு சேராது. பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் என்பது வழக்கம். மலைத் தண்ணீரில் வளர்ந்த மீன் சமவெளிச் சூட்டில் அதிராமல் இருக்க, பையை அட்டைப் பெட்டியில் வைத்து, அதிகாலையிலேயே இறக்கிவிடுவது நல்லது. ராசிபுரம், நாமக்கல், சேலம் கடைகள் அருகிலுள்ள சந்தை.

2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் என மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடும் மானியம் வகுத்தார்கள். கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர். அவர்களுக்கு அந்தக் கணக்கில் 1,80,000 ரூபாய் மானியமாகும். விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகம். முதலீடு போடும் முன் அங்கே நடப்பு விதிகளைக் கேட்டறிய வேண்டும்.

தொட்டியோடு நிற்க வேண்டும்

விற்காத மீனை ஓடையில் விடுவது இத்தொழிலில் செய்யக் கூடாத பெரிய தவறு. தொட்டிப் பாசியைத் தின்ன வாங்கி, பெரிதானதும் வெளியே விடப்பட்ட தென் அமெரிக்க சக்கர் மீன், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. கொல்லிமலையின் ஐயாறு ஆகாய கங்கையாக விழுந்து சமவெளிக்குப் போகிறது. அறப்பளீசுவரர் கோயில் அருகே அந்த ஆற்று மீன்களைப் பக்தர்கள் தெய்வமாகக் கருதி இரை இடுகிறார்கள். அந்த மீன்களைக் காக்க, பண்ணைத் தொட்டியின் வடிகால் ஓடையில் சேராமல் வலை கட்டிய குழிக்கோ தோட்டப் பாத்திக்கோ போக வேண்டும். கழிவு கலந்த அந்தத் தண்ணீர் வாழைக்கும் மிளகுக்கும் உரமாகும்.