லொவி மரமும் பிரிட்ஜும்

கிராண்ட்பாஸ் வீதியில் வீரகேசரி அலுவலகம் எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். லொவி மரம் எங்கே என்று கேட்டால் பெரியவர்களே முழிப்பார்கள்.

முன்பு கேட்கத் தேவையிருக்கவில்லை. ‘தோட்டம்’ என்று நாம் சொல்லும் வரிசை வீடுகளின் மதில் வெடிப்புகளில், பறவை போட்ட விதையிலிருந்து ஜாம் மரம் தானாக முளைத்து நிற்கும். அதன் பழத்துக்கு எவரும் உரிமை கொண்டாடியதில்லை. சிவந்ததைப் பறித்த கையோடு வாயில் போட்டால் சீனிப்பாகுதான். லொவி அப்படியல்ல. அது பெரிய வளவுக்காரரின் மரம். விழுந்ததைப் பொறுக்கவும் அவர் கண்ணில் படாத நேரம் பார்க்க வேண்டும். புளிப்போடு துவர்ப்பும் கலந்த பழம். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டி மெதுவாக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்போம். மிஞ்சியது அன்றே அடுப்பேறி ஜாமாகவோ சட்னியாகவோ ஆகிவிடும். உறைய வைப்பது என்ற எண்ணமே எழாது. கொழும்பு ஐஸ் கம்பனி 1866இலேயே தொடங்கியதுதான். இன்றைய எலிபன்ட் ஹவுஸ் அதன் வழிவந்ததே. ஆனாலும் தோட்டத்து வீடுகளில் ஐஸ் என்பது விசேஷத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் கட்டி.

இன்று வளவுகள் பல களஞ்சியங்களாகவும் மாடி வீடுகளாகவும் மாறிவிட்டன. மரம் போன வீட்டுக்குள் பிரிட்ஜ் வந்திருக்கிறது. புறக்கோட்டை மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போனதில் எங்களுக்கு லாபம்தான்: களனிப் பாலத்தைத் தாண்டினால் சந்தை. பருவத்தில் நாவற்பழம் கிடைக்கும். நுவரெலியா ஸ்ட்ரோபெரி சுப்பர்மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாக இருக்கும், விலையைத்தான் பார்க்கக் கூடாது.

வாங்கியதை அப்படியே சொப்பிங் பேக்கில் கட்டி ஐஸ் பெட்டிக்குள் தள்ளுவதுதான் பலர் செய்வது. அது ஒரே கட்டியாக இறுகும். பிறகு சுத்தியல்தான் தேடவேண்டும். கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி முதலில் உறையவிடுங்கள். கல்லுப்போல ஆனதும் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டித் திகதி எழுதி வையுங்கள். உறைபெட்டி மறை 18 பாகை செல்சியசில் இருந்தால் நல்லது. வீட்டுப் பெட்டி மெதுவாகத்தான் உறைய வைக்கும். அதனால் பழத்துக்குள் பெரிய பனித்துகள்கள் உண்டாகிச் சதையைக் கிழித்துவிடும். இளகியதும் பழம் துவண்டுபோகும். ஜூஸுக்கும் சட்னிக்கும் அது குறையே இல்லை. லொவி புளிப்புக் குறையாமல் நிற்கும். ஜாம் பழத்தை மட்டும் உறைய வைக்காதீர்கள். இளகினால் தோலும் தண்ணீரும்தான் மிஞ்சும். அதை மரத்தடியிலேயே தின்றுவிட வேண்டும்.

இந்தப் பெட்டியை முழுதாக நம்ப முடியாது என்பதை 2022 காட்டிவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. தனி ப்ரீசர் நிறைந்திருந்து, கதவையும் திறக்காவிட்டால் ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்திருந்தால் 24. ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டியிடம் அதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். கரண்ட் வந்ததும் பழத்தைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே பனித்துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறையவிடலாம். முழுக்க இளகியிருந்தாலும் குளிர் விடாமல் இருந்தால், தாமதிக்காமல் சீனியைப் போட்டு ஜாமாகக் காய்ச்சிவிடுங்கள்.